மூன்றரை வட்டி என்று அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது

குன்னூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன், வீடு கோத்தகிரி பக்கம். 2020 மார்ச்சில் மலைக்கு வண்டி வருவது நின்றபோது கையிருப்பு ஒரு மாதத்துக்குத்தான் இருந்தது. மளிகை, டயர், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் நிம்மதியாகத் தள்ளி வைத்தேன். தள்ளிப்போனது கட்ட வேண்டிய தேதிதான், வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் பாக்கி 90,000.

அப்புறம் மாதாமாதம் 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் இருக்கும் 5 சதவீதத்தைத் தவறாமல் கட்டினேன். ஒன்றரை வருடத்தில் எழுபதாயிரத்துக்கு மேல் கட்டியும் பாக்கி 80,000 பக்கம்தான் வந்து நின்றது.

பில்லை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாதம் 3.5 சதவீதம் என்றதும், "மூன்றரை வட்டியா? இதுக்கு நீ பஜாரில் யாரிடமாவது கைநீட்டியிருக்கலாமேடா" என்றார். பச்சைத் தேயிலை பறித்துக் கணக்குப் பார்த்த கை அது. வட்டிக்கடைக்குப் போக வெட்கப்பட்ட நான், கார்டை நீட்டும்போது ஒரு நாளும் வெட்கப்படவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 80,000க்கு வட்டி 2,800. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 504. நான் கட்டும் 4,000இல் அசலுக்குப் போவது 700கூட இல்லை! பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

2022 பிப்ரவரியில் மனைவியின் மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து மொத்தப் பாக்கியையும் ஒரே தடவையில் கட்டினேன். நகைக்கடன் ஒரு வட்டிக்கும் குறைவு, மாதம் 650 ரூபாய் மாதிரி. கேட்டதும் கழற்றிக் கொடுத்தாள். 'சீசனுக்குள் வேண்டும்' என்று மட்டும் சொன்னாள்.

முடிந்தது என்று நினைத்தால் அடுத்த மாதம் 1,300 சொச்சத்துக்கு ஒரு பில்! ஏமாற்றுகிறார்கள் என்று போனில் சத்தம் போட்டேன். பில் போட்ட நாளுக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள், அதற்கான வட்டியாம். கணக்கு சரிதான். கட்டிவிட்டு, ஆகஸ்டில் கார்டையே மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தரவேண்டும் என்ற விதி அந்த ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆறாம் நாளே மூடிவிட்டார்கள், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி மறுபடி நடந்தது, ஓட்டம் நன்றாக இருந்தது. ஆனாலும் சங்கிலியை முழுதாக மீட்க அடுத்த சீசன் ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டுக் கூடலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:
அண்ணா, எனக்கு அடகு வைக்க நகை இல்லை. வங்கியே கூப்பிட்டு, கார்டு பாக்கி ஒரு லட்சத்துக்கு 40,000 கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்றது. லாபம் என்று கட்டினேன். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்டபோது சிபில் அறிக்கையில் (யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவு) 'செட்டில்டு', அதாவது குறைத்துக் கட்டி முடித்தது, என்று இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழுதாகக் கட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருப்பதை அன்று யாரும் சொல்லவில்லை.

என் பதில்:
தங்கச்சி, விட்டுக்கொடுத்த மிச்சத்தை இப்போது கட்டத் தயார் என்று வங்கிக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். கட்டினால் நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சிபிலில் அந்தக் குறிப்பை மாற்றச் சொல்லுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.