அனோரதா சாலையில் நடக்க வழி: மனுவில் எதைக் கேட்கலாம்?

செல்வி:
வணக்கம். ரங்கூனில் காளி கோயிலுக்கு எதிர்ப்பக்கம் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. கோயிலுக்குப் போக அனோரதா சாலையைக் கடந்தாக வேண்டும். நடைபாதையில் ஜெனரேட்டர், அதை ஒட்டி வெற்றிலைக் கடை, நாலடி தள்ளி உடைந்த சாக்கடை மூடி. மழை நாளில் பள்ளம் எது, தரை எது என்றே தெரியாது. அம்மா ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார். தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதுகிறோம். நடைமேம்பாலம் கேட்கலாம் என்று பாதிப் பேர், கடைகளைக் கிளப்பச் சொல்லலாம் என்று மீதிப் பேர். எது உதவும்?

துரை:
கடைகளை எடுத்தாலே பாதி வழி கிடைக்கும் தங்கச்சி. 2016 கடைசியில் ஸ்ட்ராண்ட் ரோட்டில் இரவுச் சந்தை போட்டுப் பல கடைகளை அங்கே மாற்றினார்களே.

ஓய்வுபெற்ற மேஸ்திரி:
செல்விம்மா, நான் சாலை வேலை பார்த்தவன். மேம்பாலம் கேட்கவே கேட்காதீர்கள். அடியில் லாரி போக 18 அடி உயரம் வேண்டும். அரையடிப் படி என்றால் ஏற 36, இறங்க 36. உங்கள் அம்மா ஏறுவாரா?

முதலில் தெருமுனையைக் கேளுங்கள். முனை வரைக்கும் கார் நிற்கிறது, அதன் மறைவிலிருந்துதான் ஆள் ரோட்டுக்கு வருகிறார். கார் நிற்கும் அந்த 7 அடியை இரண்டு பக்கமும் நடைபாதையோடு சேர்த்துவிட்டால், 60 அடி ரோடு கடப்பவருக்கு 46 அடிதான். வண்டி ஓடும் தடம் ஒன்றுகூடக் குறையாது. சிக்னல் நேரத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 4 அடி நடை என்று வைத்துப் போடுவார்கள். முழங்கால் வலிக்காரர் இரண்டரை அடி நடந்தாலே பெரிது. அதனால் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் வேண்டும். நம் ஊருக்கு அது இன்னும் அவசியம். 1970-ல் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓட வேண்டும் என்று மாற்றினார்கள். ஆனால் இன்றும் நிறையக் கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஓட்டுகிறவர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். நடுரோட்டில் நிற்பவர் அவர் கண்ணில் பட நேரமாகும்.

ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: முனையை நீட்டும்போது பழைய நடைபாதையின் கரைக்கல்லுக்கும் புதிதாக நீட்டிய பகுதிக்கும் நடுவில் மழைத் தண்ணீர் ஓட ஓரடி விட்டு, மேலே இரும்புச் சட்டம் போட வேண்டும். அடைத்துக் கட்டினால் ஜூன் மாதமே தண்ணீர் கடைக்குள் வந்துவிடும், மறுநாளே இடிக்கச் சொல்வார்கள். சாக்கடை மூடிக்கு, தூக்கக் கொக்கி வைத்த சின்னப் பலகைக்கற்கள் போதும். பெரிய கல்லைத் தூர் வாரக் கடப்பாரையால் நெம்புகிறார்கள், விளிம்பு உடைகிறது, அப்புறம் அது ஆடிக்கொண்டே கிடக்கும்.

முத்துலட்சுமி:
துரை அண்ணே, அந்த நடைபாதையில் இட்லி விற்கிறவள் நான். ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் போனால் காலையில் யார் சாப்பிட வருவார்கள்? இங்கே பக்கத்துச் சந்தைக்கு வருகிறவர்கள்தான் என் வாடிக்கை. எங்களுக்குச் சாலையோரமாக ஒரு கோடு போட்டுக் கொடுங்கள், முக்காலியைக்கூட அதைத் தாண்டி வைக்க மாட்டோம். சுவரோரம் ஆள் நடக்கட்டும்.

ஓய்வுபெற்ற மேஸ்திரி:
தங்கச்சி சொல்வது சரி. சுவரோரம் 6 அடி காலியாக இருந்தால் இரண்டு பேர் எதிரெதிரே தாராளமாகப் போகலாம், சக்கர நாற்காலியும் போகும். கடை நிற்கட்டும், வழியும் இருக்கட்டும். சென்னை பாண்டி பஜாரிலும் நடைபாதையை நன்றாக அகலப்படுத்தி 2019-ல் திறந்தார்கள். கார் நின்ற இடத்தில் இப்போது ஜனம் நடக்கிறது. இங்கே முதலில் நகர வேண்டியது ஜெனரேட்டர்தான் துரை. அதைக் கட்டடத்தின் பின்சந்துக்குக் கொண்டுபோகலாம். சில பின்சந்துகளில் குப்பையை அள்ளித் தோட்டமே போட்டிருக்கிறார்கள், இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

துரை:
கடைக்காரர்களையும் மனுவில் கையெழுத்துப் போட வைத்தால் பலம் கூடும். நானும் போடுகிறேன்.

செல்வி:
நன்றி ஐயா. ஞாயிறு காலை டேப் எடுத்துக்கொண்டு முனைக்கு வருகிறேன். முத்துலட்சுமி அக்கா, கடை போடுவதற்கு முன்னால் அளந்துவிடலாமா?