ஆகாரிடம் தேவதூதன் கேட்ட கேள்வி: கர்ப்பிணிப் பெண்களோடு நம் அனுபவங்கள்

பிறக்காத பிள்ளைகளுக்காகச் சபையில் அடிக்கடி ஜெபிக்கிறோம். அப்படி ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் பயந்துபோய் நம் முன்னால் நின்றால் என்ன செய்கிறோம்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

கர்ப்பிணிப் பெண்களைச் சந்திக்கும் ஊழியத்தில் பல வருஷமாக இருக்கிறேன். ஒரு முறை ஆராதனை முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பையன் கருவைக் கலைக்க மாத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் போனையே எடுக்கவில்லை. "ஆன்ட்டி, அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை வீட்டில் வைக்க மாட்டார்" என்றாள். நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. "இன்றைக்கு ராத்திரி எங்கே தங்கப் போகிறாய்?" என்றுதான் கேட்டேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தை அன்று ராத்திரி மறுபடி வாசித்தேன். ஆபிராமின் பிள்ளையைச் சுமந்துகொண்டு, எஜமானி சாராயின் கடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போனவள் ஆகார். ஆபிராமும் அவர் மனைவி சாராயும் அவளை "அடிமைப்பெண்" என்றே குறிப்பிடுகிறார்கள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது வனாந்தரத்தில் வந்த கர்த்தருடைய தூதன். "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று கேட்கிறார். திரும்பிப் போகத்தான் சொன்னார், சரி. ஆனால் வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பேரும் வாக்குத்தத்தமும் கொடுத்து அனுப்பினார். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவள் சொன்னது அதற்கப்புறம்தான். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் அம்மாவைப் பார்க்க வேண்டும், அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அந்தப் பெண் எங்கள் சபையில் ஒரு அக்கா வீட்டில் தங்கினாள். பாஸ்டரும் அவர் மனைவியும் கூடப் போய் உட்கார்ந்து பெற்றோரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். பையன் பிறந்தான். அவள் அப்பா இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. பேரனைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், மகளிடம் பேச்சு குறைவுதான். அதற்காக இன்னும் ஜெபிக்கிறோம்.

* * *

நான் செவிலியர். கர்ப்பிணிகள் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அக்கா எழுதியதோடு மருத்துவ விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பயத்தில் பாதி விவரம் தெரியாததால் வருவது.

ஒரு தம்பதி ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். டவுன் சிண்ட்ரோம் 'ஹை ரிஸ்க்' என்று இருந்தது. உறவினர்கள் அதற்குள் "கலைத்துவிடுங்கள்" என்று முடிவே எடுத்துவிட்டார்கள். ஸ்கிரீனிங் சொல்வது வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை போன்ற ஒன்று வேண்டும், அதைப் பொதுவாக 15 வாரத்துக்குப் பிறகுதான் செய்வார்கள். இதை டாக்டர் நிதானமாக விளக்கியதும் அவர்கள் முகமே மாறியது. அந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை.

ஆனால் எல்லாம் அப்படி நல்லபடியாக முடியாது. இன்னொரு தம்பதியின் குழந்தைக்கு டிரைசோமி 18 (18ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கடுமையான குறைபாடு) என்று உறுதியாகவே தெரிந்தது. குழந்தை சில மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. அவ்வளவு நேரமும் அம்மாவின் நெஞ்சின் மேலேயே இருந்தது. பேர் வைத்தார்கள், பாஸ்டர் வந்து ஜெபித்தார், குழந்தைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்டோம். "சீக்கிரம் முடித்துக்கொண்டிருக்கலாமே" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவள் ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். கரு கருக்குழாயில் தங்கிவிட்ட ஒரு சகோதரி, சிகிச்சை எடுத்தால் பாவமாகிவிடுமோ என்று கையெழுத்துப் போடத் தயங்கினார். அந்தக் கரு அங்கே வளர்ந்து பிறக்க வழி இல்லை. குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கசிந்து தாயின் உயிரும் போகலாம். தயவுசெய்து சபையில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உயிரை மதிக்கிறோம் என்றால் அந்தச் சகோதரியின் உயிரையும் சேர்த்துத்தான்.

* * *

ஆண்கள் யாரும் எழுதவில்லையே என்று நானே எழுதுகிறேன். முதல் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே மனைவி மறுபடி உண்டானாள். எனக்கு அப்போது வேலை இல்லை. எங்கள் அம்மாவே "இப்போது வேண்டாம்டா" என்றார். "ஜெபிக்கிறோம் பிரதர்" என்றவர்கள் நிறையப் பேர். ஒரு அண்ணன் மட்டும் வாடகையை நேராக வீட்டுக்காரரிடம் கட்டிவிட்டு, எனக்காக நான்கு இடத்தில் வேலைக்கும் சொல்லி வைத்தார். யாக்கோபு 2:16இல் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வெறும் வாய் வார்த்தையோடு அனுப்புவதைப் பற்றி வருமே, அது எனக்கு அந்த மாதம்தான் புரிந்தது. மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது.

* * *

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஒருவர் கருக்கலைப்பைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசினார். பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். பல வருஷத்துக்கு முன் கணவரும் மாமியாரும் முடிவு செய்து அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று வரை அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உயிரைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் 99ஆம் பத்தியில், கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களை நோக்கியே பேசுகிறார். நடந்தது தவறு என்பதை மறைக்கவில்லை. ஆனால் மனம் தளராதீர்கள், நம்பிக்கையை இழக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெற, போனார். மேடையில் பேசுகிறவர்கள், இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆதித் திருச்சபையின் நூலான திதாக்கே, கருவில் இருக்கும் பிள்ளையைக் கொல்லாதே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதே நூல் சாவின் வழியை விவரிக்கும்போது, பிள்ளைகளைக் கொல்கிறவர்களோடு ஏழைக்கு இரங்காதவர்களையும் இல்லாதவரை விரட்டுகிறவர்களையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கம் செய்கிறோம் என்பது என் வருத்தம்.

* * *

முதலில் எழுதிய நான்தான் மறுபடி எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. செவிலியர் சிஸ்டர், நீங்கள் எழுதியதை எங்கள் பாஸ்டருக்கு அப்படியே அனுப்பினேன்.

இயேசுவின் தாய் மரியாளுக்கு உறவுக்காரியான எலிசபெத்தின் வீட்டையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. மரியாளின் வாழ்த்தைக் கேட்டதும் வயிற்றிலுள்ள பிள்ளை துள்ளியதை எல்லோரும் சொல்வோம். லூக்கா 1:56ஐ அவசரமாகத் தாண்டிவிடுவோம்: மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினாள். வயதான ஒரு பெண், தானும் கர்ப்பமாக இருந்துகொண்டே, இன்னொரு இளம்பெண்ணுக்கு வீட்டில் இடம் கொடுத்தாள்.

எங்கள் குழுவில் இப்போது பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் அதிகம் கூட இருக்கிறோம். பிரசவம் வரை பத்துப் பேர் விசாரிப்பார்கள், அப்புறம் ஆள் இருக்காது. சோகமும் அழுகையும் இரண்டு வாரத்தைத் தாண்டிப் போனால் அதை "விசுவாசக் குறைவு" என்று சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கர்ப்ப காலத்தில் கடும் தலைவலி, பார்வை மங்கல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், இதில் எது இருந்தாலும் ஜெபித்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ராத்திரி நேரத்தில் கூப்பிட்டால் வண்டியோடு வர ஒரு குடும்பத்தை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். உங்கள் சபையில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?