"மஞ்சக்குப்பம் வீடு" குரூப்: சித்தி வீட்டு ரூட்டர்

சித்தி: யாராச்சும் இருக்கீங்களா, இங்க மறுபடியும் நெட் போச்சு. புது லேப்டாப்புல அப்டேட் போட்டா போதும் ரூட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியுது, இவன் வேற காலேஜ் அசைன்மென்ட் அனுப்பணும்னு உக்காந்திருக்கான்

பெரியப்பா: லேப்டாப்புல வைரஸ் இருக்கும்மா. வாங்குன கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க, பில் இருக்குல்ல

சித்தி: பில் இருக்குங்க. கடைக்காரர கேட்டா நெட்டு சரியில்லங்கறாரு, நெட்டுக்காரங்கள கேட்டா லேப்டாப்ப பாருங்கங்கறாங்க, யார நம்புறதுன்னே தெரியல

தம்பி: அண்ணா விண்டோஸ் பெரிய அப்டேட் ஒண்ணு, கூடவே பயாஸ் ஃபெர்ம்வேர்னு ஒண்ணு (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற, மதர்போர்டு சிப்புலயே இருக்க சாஃப்ட்வேர்), ரெண்டும் சேர்ந்து வருது. 30 பர்சென்ட் தாண்டுறதுக்குள்ள ரூட்டர் விழுந்துடுது. பயாஸ் பாதியில நின்னா மதர்போர்டே போயிடும்னு பசங்க சொல்றாங்க அதான் பயமா இருக்கு

நான்: மொதல்ல பயத்த விடுடா. நெட் கட்டானா பயாஸுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த ஃபைல் முழுசா இறங்கணும், அது கம்பெனி ஃபைல்தானான்னு சரி பாக்கணும், அதுக்கப்புறம் லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகித்தான் சிப்புல எழுதவே ஆரம்பிக்கும். எழுதுறப்ப வைஃபையே தேவையில்ல. அந்த நேரத்துல கரன்ட் போனாதான் ஆபத்து

நான்: இறங்குனது வீணாகாது, நெட் வந்ததும் பெரும்பாலும் விட்ட எடத்துலேர்ந்து இறங்கும்

தம்பி: அப்பாடா

நான்: இப்ப ஒண்ணு பாத்து சொல்லு. நெட் போறப்ப ரூட்டர்ல எல்லா லைட்டும் மொத்தமா அணைஞ்சு ஒண்ணொண்ணா வருதா, இல்ல பவர் லைட் அப்படியே இருக்க எல்ஓஎஸ்னு இருக்க லைட் (ஃபைபர் லைன்ல சிக்னல் போச்சுன்னா எரியறது) மட்டும் சிவப்பா எரியுதா?

தம்பி: எல்லாமே அணையுது

நான்: சரி ப்ரௌசர்ல 192.168.1.1 போடு, யூசர்நேம் பாஸ்வேர்டு ரூட்டர் அடியில ஒட்டியிருக்கும். உள்ள ஸ்டேட்டஸ் பக்கத்துல அப்டைம்னு, அதாவது ரூட்டர் ஆன் ஆகி எவ்ளோ நேரம் ஆச்சுன்னு, எவ்ளோ காட்டுது?

தம்பி: 6 நிமிஷம்

நான்: அப்ப ரூட்டரேதான் ரீஸ்டார்ட் ஆயிருக்கு. தெருவுலேர்ந்து வர்ற ஃபைபர் லைன் மட்டும் போயிருந்தா அப்டைம் நாள்கணக்குல ஓடிட்டிருக்கும், இன்டர்நெட் கனெக்ட் ஆன நேரம் மட்டும்தான் புதுசா ஆரம்பிச்சிருக்கும். லைன்மேன வர சொல்லி காக்க வேண்டாம் சித்தி

அக்கா: சூடா இருக்கான்னு பாருங்க சித்தி. லாஸ்பேட்டைல எங்க வீட்ல போன மே மாசம் இதேதான், தூசி படக்கூடாதுன்னு துணி போட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தோம், மத்தியானம் ஆனா தானா ஆஃப் ஆயிடும். துணிய எடுத்து செவத்துல மாட்டுனதுக்கு அப்புறம் சரியாச்சு

சித்தி: டிவி ஸ்டாண்டுல தொறந்தாப்லதான் இருக்கு. தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருக்கு அவ்ளோதான்

அம்மா: மணி ஒம்போதாச்சு சாப்ட்டுட்டு பேசுங்க எல்லாரும்

நான்: இதோ மா. தம்பி, லேப்டாப்ப முழுசா ஷட்டவுன் பண்ணிடு. உன் போனும் சித்தி போனும் எடுத்துக்கிட்டு ரூட்டர் பக்கத்துல நின்னு ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஸ்பீட் டெஸ்ட் ஓட்டு. முடிஞ்சதும் நிறுத்தாம மறுபடி ஓட்டு

தம்பி: அண்ணா!!! மொத தடவ தாங்குச்சு, ரெண்டாவது தடவ ரூட்டர் அணைஞ்சுடுச்சு. லேப்டாப் ஆஃப்லதான் இருக்கு

நான்: பெரியப்பா பாருங்க, லேப்டாப் மேல தப்பு இல்ல. போன்ல நாம வாட்ஸ்அப் பாக்குறதுக்கும் வீடியோ பாக்குறதுக்கும் ரூட்டருக்கு விட்டு விட்டுத்தான் வேல. அப்டேட் அப்படி இல்ல, இருக்க ஸ்பீட் மொத்தத்தையும் நிறுத்தாம இழுக்கும், அப்ப ரூட்டர் ரேடியோவும் ப்ராசஸரும் முழுசா ஓடணும், கரன்ட் ஜாஸ்தி கேக்கும். அங்கதான் ஏதோ குடுக்க முடியாம விழுது

மாமா: மாப்ள அடாப்டர பாக்க சொல்லு

நான்: அதேதான் மாமா. தம்பி, ரூட்டர் அடியில என்ன எழுதியிருக்கு, அடாப்டர்ல என்ன எழுதியிருக்கு, ரெண்டையும் டைப் பண்ணு. அடாப்டர்ல அவுட்புட்னு இருக்க லைன பாரு, இன்புட் வேணாம்

தம்பி: ரூட்டர்ல 12 வோல்ட் 1.5 ஆம்ப். அடாப்டர்ல 12 வோல்ட் 0.5 ஆம்ப்

மாமா: அட

சித்தி: ஐப்பசியில இடி இடிச்சப்ப அதோட அடாப்டர் போயிடுச்சுப்பா. பரண்ல பழைய மோடத்தோடது கெடந்துச்சு, பின்னு சரியா சேந்துச்சு, லைட்டும் எரிஞ்சுது, இத்தன மாசமா ஓடிட்டுதானே இருந்துச்சு

நான்: ஓடும் சித்தி, அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல. 12 இன்டு 0.5, மொத்தமே 6 வாட்டுதான் அது குடுக்கும். ரூட்டருக்கு 18 வாட் வரைக்கும் குடுக்கணும்னு கம்பெனிக்காரனே எழுதி வச்சிருக்கான். சும்மா இருக்கப்ப 6 வாட்டுக்குள்ள சமாளிச்சுக்கும். லோடு ஏறுனதும் அடாப்டர் வோல்டேஜ் எறங்கும், ஒரு அளவுக்கு கீழ எறங்குனா ரூட்டர் தானா ரீசெட் ஆயிடும், திரும்ப எழுந்ததும் லேப்டாப் மறுபடி இழுக்கும், மறுபடி விழும்

பெரியப்பா: மாமாகிட்ட மல்டிமீட்டர் இருக்கே அத வச்சு பாத்துட்டு வாங்கலாமே

மாமா: லோடு இல்லாம பாத்தா கெட்ட அடாப்டரும் 12 காட்டும்ங்க. லோடுல பாத்தாதான் உண்மை தெரியும். இதுக்கு மீட்டரே வேணாம், எழுதியிருக்கறதே போதும்

நான்: நாளைக்கு லாரன்ஸ் ரோட்டுல எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கெடைக்கும். வோல்ட் அதே 12தான் இருக்கணும், கூடவும் கூடாது கொறையவும் கூடாது. ஆம்ப் 1.5 இல்ல 2 இருக்கலாம், கூட இருந்தா தப்பே இல்ல, ரூட்டர் தனக்கு வேணுங்கறத மட்டும்தான் எடுக்கும். பின்னு உள்பக்க ஓட்டை அளவு மாறும், பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால பழைய அடாப்டர கையோட எடுத்துட்டு போ

மாமா: நடுவுல பிளஸ் வெளிய மைனஸ்னு ஒரு படம் போட்டிருக்கும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துக்கடா. கடல் காத்து ஊரு, பின்னுல பச்ச பூத்திருந்தா ரூட்டர் ஜாக்கையும் தொடச்சு விடு

தம்பி: சரி மாமா. அசைன்மென்ட்ட இப்ப எப்படி அனுப்புறது

நான்: போன் ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பு, அப்டேட்ட மட்டும் பாஸ்ல வை, இல்லன்னா உன் டேட்டா மொத்தமும் அதுவே குடிச்சிடும்

(மறுநாள்)

சித்தி: 12 வோல்ட் 2 ஆம்ப் வாங்கி மாட்டியாச்சுப்பா

தம்பி: அண்ணா மூணு போன்ல ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிட்டேன் அசையவே இல்ல. விண்டோஸ் அப்டேட் முழுசா இறங்கி இன்ஸ்டாலும் ஆயிடுச்சு. பயாஸ் ரீஸ்டார்ட் கேக்குது, குடுக்கவா

நான்: இரு இரு. சார்ஜர் சொருகியிருக்கா? பேட்டரி பாதிக்கு மேல இருக்கணும். பென்டிரைவ் கின்டிரைவ் எல்லாம் கழட்டு. முக்கியமா பிட்லாக்கர் ரெகவரி கீ. பிட்லாக்கர்னா டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் லாக், அத தொறக்கற நம்பர்தான் இந்த கீ. புது லேப்டாப் நெறையத்துல அது தானா ஆன்ல இருக்கும், பயாஸ் மாறுனதும் ஆள் மாறிட்டாங்கன்னு நெனச்சு அந்த 48 இலக்க கீய கேட்டு நின்னுடலாம். உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல போன்ல லாகின் பண்ணு, டிவைசஸ்ல உன் லேப்டாப் கீழ இருக்கும், நோட்டுல எழுதி வச்சுட்டு அப்புறம் குடு

தம்பி: எழுதிட்டேன்

நான்: குடு. ஸ்க்ரீன் கருப்பாகும், ஃபேன் சத்தமா ஓடும், ரெண்டு மூணு தடவ தானாவே ரீஸ்டார்ட் ஆகும். பவர் பட்டன தொடவே கூடாது, செத்துப்போன மாதிரி இருந்தாலும் தொடாத

சித்தி: இன்னிக்கு கரன்ட் கட் இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?

நான்: லேப்டாப்புல பேட்டரி இருக்கறதால அதுக்கு பாதிப்பு இல்ல சித்தி

தம்பி: ஃபேன் பயங்கரமா கத்துது

தம்பி: லோகோ வந்துச்சு

தம்பி: திரும்ப கருப்பாச்சு

அம்மா: பிள்ளையாரப்பா

தம்பி: லாகின் வந்துடுச்சு!! கீ கேக்கவே இல்ல. பயாஸ் வெர்ஷன் புதுசு காட்டுது

சித்தி: ரொம்ப தேங்க்ஸ்ப்பா. நாளைக்கு போய் லேப்டாப்ப திருப்பிக் குடுத்திருப்போம்

பெரியப்பா: என் டெஸ்க்டாப்புலயும் அதே மாதிரி பயாஸ்னு ஏதோ வந்து நிக்குது. நானும் குடுத்துடவா

நான்: வேணாம் பெரியப்பா, தயவுசெஞ்சு தொடாதீங்க. டெஸ்க்டாப்புல பேட்டரி கெடையாது, எழுதிட்டிருக்கறப்ப கரன்ட் போனா போர்டு எழுந்துக்காம போக நெறைய வாய்ப்பு இருக்கு. உங்க யூபிஎஸ் பீப் அடிச்சு உடனே ஆஃப் ஆகுதுன்னு பொங்கலப்பவே சொன்னீங்க

பெரியப்பா: ஆமா பேட்டரி மாத்தவே இல்ல

நான்: மாத்துவோம். ஞாயித்துக்கிழம பாண்டிலேர்ந்து வரப்ப வாங்கிட்டு வரேன், யூபிஎஸ் பேட்டரி மேல 12 வோல்ட் 7 ஏஎச் மாதிரி எழுதியிருக்கும், அத மட்டும் போட்டோ எடுத்து போடுங்க