வெளிநாட்டுப் பொலிஸில் சேர விரும்பும் கொழும்புப் பிள்ளைகளுக்கு: பேஸ்புக், பின்னணி விசாரணை, ஊர்ப் பத்திரங்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கமிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் அண்மையில் போன பிள்ளைகள் சிலர், அங்கே பொலிஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விண்ணப்பியுங்கள். எங்கள் ஆட்கள் அந்த வேலையில் இன்னும் நிறையப் பேர் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நான் கொழும்பில் இருந்துகொண்டு வெளியே போன பிள்ளைகளுக்குப் பத்திரங்கள் எடுத்து அனுப்புகிறவள், சிலருக்கு ரெபரன்ஸ் கொடுத்தவள். அதில் கண்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) இருந்தாலே விண்ணப்பிக்கலாம், குடியுரிமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரித்தானியாவில் குடியுரிமை அல்லது காலவரையற்ற வதிவிட அனுமதி வேண்டும். பொதுவாகக் கடைசி மூன்று வருடம் அங்கேயே வசித்திருக்கவும் வேண்டும். அதனால் ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்கள் இப்போதே ஓடிப்போய் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் நீங்கள் இன்று பேஸ்புக்கில் போடும் பதிவுகள்தான் அன்றைக்குப் பின்னணி விசாரணையில் எடுத்துப் பார்க்கப்படும்.

ஏன் இவ்வளவு நோண்டுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். லண்டன் சேரிங் குரொஸ் பொலிஸ் நிலையத்தில் இருந்த சில அதிகாரிகள் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் பெண்களைப் பற்றியும் கறுப்பினத்தவரைப் பற்றியும் எழுதிய அருவருப்பான செய்திகளை, பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு 2022 பெப்ரவரியில் வெளியிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், கொலையுண்ட இரு சகோதரிகளின் உடல்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் பகிர்ந்த இரண்டு லண்டன் பொலிஸ்காரர் சிறைக்குப் போனார்கள். இப்படிப்பட்டவர்களை ஆரம்பத்திலேயே ஏன் பிடிக்கவில்லை என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு உள்ளே எடுக்கும்போதே வடிகட்டும் அழுத்தம் கூடியது. மூடிய குறூப்புக்குள் எழுதியதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். குறூப்பில் ஒருவர் கோபித்துக்கொண்டு ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலே போதும். தமிழில்தானே எழுதினோம் என்ற தைரியமும் வேண்டாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பொலிஸிலேயே தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி எங்களுக்கே உரிய சங்கதிகள்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்களைப் பற்றி வந்ததையெல்லாம் வாசிக்காமலே பகிர்ந்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள். துக்கமும் பயமும் நிறைந்த நாட்கள்தான். ஆனால் அந்தப் பதிவு உங்கள் பெயரில் இன்னும் அப்படியே இருந்தால், நாளைக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முறைப்பாட்டை இவர் நேர்மையாக எழுதுவாரா என்று விசாரிப்பவர் யோசிப்பார். யோசிக்கவும் வேண்டும். சிங்களவரைத் திட்டும் மீம், சாதி சொல்லி இழுக்கும் பகிடி, வாள்வெட்டுக் குழுக்களின் டிக்டொக்குக்குப் போட்ட இதயக்குறி எல்லாமே இதில் சேரும்.

அடுத்தது, பலர் கேட்கத் தயங்கும் விஷயம். இறந்தவர்களை நினைப்பது வேறு, ஓர் அமைப்பின் சின்னத்தைப் போடுவது வேறு. கனடிய நாடாளுமன்றமே 2022 இல் மே 18 ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றுக்கொண்டது. முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பற்றி எழுதியதற்காகவோ, இழந்த சொந்தத்துக்கு விளக்கேற்றியதற்காகவோ நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் விடுதலைப் புலிகள் அமைப்பு பிரித்தானியாவில் 2001 இலும் கனடாவில் 2006 இலும் தடைசெய்யப்பட்டது. பிரித்தானியாவின் 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி, தடைசெய்யப்பட்ட அமைப்பொன்றின் சின்னத்தை ஆதரவுச் சந்தேகம் எழும் விதத்தில் பொதுவில் காட்டுவதும், அதன் படத்தை வெளியிடுவதும் குற்றம். உங்கள் மனதில் இருப்பது எதுவாகவும் இருக்கட்டும், சட்டத்தைக் காக்கும் வேலைக்குப் போகிறவர் இந்தக் கோட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்கள் பதிவால் இங்கே கொழும்பில் அம்மா அப்பா வீட்டுக் கதவு தட்டப்படலாம் என்பதையும் மறக்காதீர்கள். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வருவதற்கு முன்பே, பேஸ்புக் பதிவுகளுக்காக ஆட்களைப் பிடித்த நாடு இது.

2022 இல் காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போன படங்களை நீக்க வேண்டுமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அமைதியாக நின்று பதாகை பிடித்ததில் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தப் படங்களை நான் நீக்கமாட்டேன். பொலிஸ் உங்களைப் பிடித்து வாக்குமூலம் எடுத்திருந்தால் மட்டும் அதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும்.

பிடிபட்ட கதை என்றால் எங்கள் வீடுகளில் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அதுவும் எனக்கு விளங்கும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. சுற்றிவளைப்பில் ஓரிரவு வெள்ளவத்தைப் பொலிஸில் இருந்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். “எப்போதாவது தடுத்துவைக்கப்பட்டீர்களா” என்று படிவம் கேட்டால், குற்றச்சாட்டு இல்லாமல் விட்டாலும் ஆம் என்றே எழுதி, என்ன நடந்ததென்று நான்கு வரியில் விளக்குங்கள். உங்கள் அப்பாவோ அண்ணாவோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருந்திருந்தால், குடும்பத்தவரைப் பற்றிக் கேட்கும் இடத்தில் அதையும் எழுதுங்கள். பிரித்தானியப் படிவம் பெற்றோர், சகோதரர், துணைவர் என்று எல்லாரையும் கேட்கிறது. தமிழர் ஒருவர் குற்றமே செய்யாமல் தடுத்துவைக்கப்பட்டிருக்கலாம் என்பதை விளக்கினால் புரிந்துகொள்வார்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் எந்த விளக்கமும் எடுபடாது.

பதிவுகளுக்கும் இதே கணக்குத்தான். விண்ணப்பிக்க நினைப்பதற்கு முன்பே பழைய கணக்குகளை முழுக்க வாசித்து, இன்று வெட்கப்பட வைப்பதை நீக்குவது நல்ல பழக்கம். ஆனால் படிவத்தைப் போட்ட பிறகு இரவோடிரவாகக் கணக்கையே அழிப்பது ஒளிப்பதாகத்தான் தெரியும். எந்தெந்தக் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று பல இடங்களில் கேட்பார்கள். வேறு பெயரில் வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேர்முகத்தில் பழைய பதிவு ஒன்றைக் காட்டினால், “வேறு யாரோ என் போனில் போட்டது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்போது எத்தனை வயது, ஏன் அப்படி எழுதினேன், பிறகு எதைப் பார்த்து மனம் மாறியது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

காசு விஷயம் பேஸ்புக்கிலேயே மாட்டிவிடும். 2022 இல் டொலர் தட்டுப்பாடான நேரம் “நல்ல ரேட், உண்டியலில் போடலாம்” என்று பதிவு போட்ட பிள்ளைகளை எனக்கே தெரியும். உண்டியல் என்றால் வங்கி வழியாக இல்லாமல் ஆட்கள் மூலம் காசு அனுப்புவது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் பதிவு செய்யாமல் காசு மாற்றும் தொழில் நடத்துவது குற்றம். நீங்கள் நண்பருக்கு உதவியாகப் போட்ட பதிவும் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பும். படிப்பு விசாவில் அனுமதித்த மணித்தியாலத்துக்கு மேல் கையில் காசு வாங்கி வேலை செய்துவிட்டு அதை டிக்டொக்கில் பெருமையாகப் போடுவதும் அப்படித்தான். கடன் அட்டை நிலுவை, கட்டாத கடன் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஏனென்றால் கடனில் தத்தளிக்கிறவரை லஞ்சம் கொடுத்து வாங்குவது சுலபம்.

ரெபரன்ஸ் கொடுப்பவர்களிடம் முதலே சொல்லிவையுங்கள். எங்கள் பக்கத்து பிளாட் பையனுக்காக எனக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தபோது, எதிர்ப்பக்கம் “பொலிஸ்” என்றதும் என் கை நடுங்கியது. அவன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் போனை வைக்காமல் பேசினேன். கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வான், குடிப்பானா, வீட்டில் பெண்களிடம் எப்படிப் பேசுவான் என்று நிதானமாகக் கேட்டார்கள். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. “தங்கமான பிள்ளை, ஒரு குறையும் இல்லை” என்று மட்டும் சொல்லும் ஆளை ரெபரன்ஸாகப் போடாதீர்கள், அது அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: வேலை கிடைக்கும் முன்பே “என் மகன் பொலிஸ் ஒபிஸர்” என்று படத்தோடு வாழ்த்துப் பதிவு போடாதீர்கள்.

கடைசியாக இலங்கைப் பொலிஸ் கிளியரன்ஸ், அதாவது உங்கள் மேல் குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று சொல்லும் பத்திரம். வெளிநாட்டிலிருந்தே ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், கொழும்பு பொலிஸ் தலைமையகத்தால் வழங்கப்படும். நீங்கள் வசித்த முகவரிகளைக் காலத்தோடு கேட்பார்கள், அந்தந்தப் பொலிஸ் நிலையத்தில் விசாரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வவுனியாவில் இருந்து, வெள்ளவத்தையில் வாடகைக்கு இரண்டு மூன்று வீடு மாறியவர்கள் முதலில் அம்மாவோடு உட்கார்ந்து திகதிகளைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். வேலை விண்ணப்பத்தில் கொடுக்கும் முகவரிகளும் இதுவும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். “காசு தந்தால் கெதியாக எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது வந்தால் பதில் போடாதீர்கள். முகவரிப் பட்டியலை எழுதும்போது எங்கேயாவது திகதி தடக்கினால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.