காரைக்குடி வெயிலில் எச்பி5: தொட்டித் தண்ணீர் 33 டிகிரி, டெவலப் செய்ய வழி உண்டா?

பள்ளத்தூர்_பாக்ஸ்கேமரா

மறுபடி கருப்பு வெள்ளை பிலிமுக்கு வந்தாச்சு. 35 மி.மீ. எச்பி5 பிளஸ் பிலிம், அதில் படத்தை வரவைக்க டி-76 டெவலப்பர், படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்க ஒரு பழைய என்லார்ஜர். டார்க்ரூமுக்கு இரண்டாங்கட்டில் ஜன்னல் இல்லாத அறை கிடைத்திருக்கிறது. கனமான சுவர், ஆத்தங்குடிக் கல் தரை. உள்ளே குழாய் கிடையாது, வாளிதான்.

மாடித் தொட்டித் தண்ணீர் மாலையிலும் 33 டிகிரி இருக்கிறது. டப்பாவில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறான். ஏசி வைக்கிற எண்ணமில்லை. ஐஸ் போட்டு 20க்கு இறக்கினால், டெவலப் முடிவதற்குள் 23க்கு ஏறிவிடுகிறது. போர் தண்ணீர் உப்பு, காய்ந்த பிலிமில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுகிறது. டெவலப்பர் பவுடரும் ஆன்லைனில் வந்து சேரும்போது கட்டி தட்டியிருக்கிறது. இந்த ஊர்ப் பக்கம் செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஹைப்போ_அண்ணே

முதலில் அந்த 20ஐ விடுங்க தம்பி. அது குளிர் ஊர்க்காரன் வைத்த கணக்கு. இங்கே 24ல் நிறுத்துவது சுலபம், ரிசல்ட்டில் குறை தெரியாது.

எச்பி5 செய்கிற இல்ஃபோர்ட் தன் ஐடி-11 டெவலப்பருக்குத் தரும் கணக்கு: எச்பி5, 1+1 கலவை (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரியில் 13 நிமிடம். டி-76ம் ஐடி-11ம் ஏறத்தாழ ஒரே சரக்குதான். ஒரு டிகிரி ஏறினால் நேரம் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும், ஆக 24ல் 9 நிமிடம் சொச்சம் வரும். தண்ணீர் கலக்காமல் ஸ்டாக்காகவே ஊற்றினால் 20ல் 7½ நிமிடம், 24ல் 5 நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். 5க்குக் கீழே போனால் வானம் திட்டுத் திட்டாக விழும். வெயில் காலத்தில் 1+1தான் சரி.

ஐஸைக் கெமிக்கலில் போடவே கூடாது. பெரிய பிளாஸ்டிக் டப்பில் 10 லிட்டர் தண்ணீர் வைத்து, டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பை நிறுத்தும் அமிலம்), பிக்ஸர் (படத்தை நிலைக்க வைப்பது) பாட்டில்கள், அலசுகிற தண்ணீர், பிலிமைச் சுற்றிப் போடும் காலி டேங்க் எல்லாவற்றையும் அதற்குள் நிறுத்துங்கள். 10 லிட்டரை 32லிருந்து 24க்கு இறக்க முக்கால் கிலோ ஐஸ் கணக்கு. சுற்றுச்சூட்டுக்கும் பாட்டில்களுக்கும் சேர்த்து ஒரு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பெட் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்தால், போடவும் எடுக்கவும் வசதி. முதல் நாள் இரவே மண்பானையில் ஊற்றி வைத்த தண்ணீரை டப்பில் ஊற்றினால் ஐஸ் பாதி போதும். சித்திரை வைகாசி வறண்ட காற்றில் பானை நன்றாகவே வேலை செய்யும். ஐப்பசி மழையில் அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், காற்று ஈரமாக இருந்தால் பானை வியர்க்காது.

24ஐத் தொடுவதைவிட, எல்லாம் ஒரே 24ல் இருப்பதுதான் முக்கியம். டெவலப்பர் 24, அலசுகிற தண்ணீர் 33 என்று போனால் பிலிம் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு சட்டென்று உப்பிச் சுருங்கும். கிரெய்ன் (படத்தின் மணல் மாதிரிப் புள்ளிகள்) தூக்கும், மோசமானால் வறண்ட கம்மாய்த் தரை மாதிரி வெடிப்பு விழும். மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள்.

அலசுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டாம். டேங்கை நிரப்பி 5 தரம் கவிழ்த்துக் கொட்டுங்கள், அடுத்து 10 தரம், அடுத்து 20 தரம். மூன்று டேங்க் தண்ணீரில் வேலை முடிந்தது. குழாய் இல்லாத அறைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பொட்டு சுண்ணாம்பு உப்புத்தான். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் அல்லது வளவுக் (உள்முற்றத்துக்) கூரையிலிருந்து பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீர் எடுத்து, தண்ணீர் பொட்டாக நிற்காமல் வழிய வைக்கும் போட்டோஃப்ளோவை 200க்கு 1 விடுங்கள். அதற்கு மேல் விட்டால் அதுவே கறை போடும். பிலிம் தொங்கும்போது பேன் ஓடக்கூடாது. பழைய வீட்டுக் காரைத்தூள் அத்தனையும் ஈர ஜெலட்டினில் ஒட்டும்.

கானாடுகாத்தான்_120

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். பவுடர் கட்டி தட்டி வருகிறதென்றால் டி-76ஐ வீட்டிலேயே கலக்கலாமே. ஃபார்முலா ஒளிவுமறைவு இல்லாதது: மெட்டால் 2 கிராம், ஈரமற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், மொத்தம் 1 லிட்டர். 750 மில்லி தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால் முழுவதும் கரைய வேண்டும், அதன்பின் மீதி சல்பைட், ஹைட்ரோகுயினோன், போராக்ஸ். வரிசை மாறக்கூடாது. சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரையாது, சல்பைட்டே இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கெடும். அதற்குத்தான் முதல் சிட்டிகை. 0.1 கிராம் காட்டும் தராசு போதும். கையுறை போடுங்க, மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

கடையில் வாங்கும்போது கவனம். சல்பைட் கேட்டால் சல்பேட் கட்டிக் கொடுப்பார்கள், இரண்டும் வெள்ளைத்தூள். லேபிளில் ஆக்சிஜன் எண் 3 இருந்தால் சல்பைட், 4 இருந்தால் சல்பேட். சல்பேட்டில் கலக்கினால் டெவலப்பர் கொஞ்ச நேரத்தில் காப்பித் தண்ணி ஆகும்.

ஸ்டாப்புக்கு மளிகைக்கடை வெள்ளை வினிகர் 4 சதவீதம். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். இதை ஆத்தங்குடிக் கல்லில் சிந்தவிடாதீர்கள்! அது சிமெண்ட் கல், அமிலம் பட்ட இடத்தில் மெருகு போய் வெளுத்துவிடும். டெவலப்பர் சிந்தினால் பழுப்புக் கறை. தார்ப்பாய் விரித்து, ட்ரேக்களை மேசையில் வையுங்கள். பட்டால் உடனே தண்ணீர் விட்டுத் துடைக்கணும், காயவிட்டால் போகாது.

இன்னொரு விஷயம். நம்ம வீடுகளில் வளவு முற்றத்தில் வெயில் கொளுத்தும், தூணுக்குப் பின்னால் இருட்டு. ஆறேழு ஸ்டாப் வெளிச்ச வித்தியாசம் சாதாரணம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). நிழல் பக்கத்துக்கு மீட்டர் பார்த்து அதிலிருந்து 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள், எச்பி5இன் ஸ்பீடை மீட்டரில் 400க்குப் பதில் 200ஆக வைத்து டெவலப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் (24ல் 7 நிமிடம் சொச்சம்) சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணும் இரண்டும் பேப்பரில் வரும். முழு நேரம் டெவலப் செய்துவிட்டுப் பிரிண்டில் காப்பாற்றலாம் என்பது வீண் முயற்சி.

சிவப்புவிளக்கு

பிலிமைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரிண்டில் இந்த ஊரில் முதல் வில்லன் கரண்ட். என்லார்ஜர் குண்டு பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் 3.4ஆவது அடுக்கில் (பவர்) ஏறி இறங்கும். 230 இருந்த இடத்தில் 207 வந்தால் 10 சதவீதம்தான் குறைவு, வெளிச்சமோ 30 சதவீதம் போய்விடும், அதாவது அரை ஸ்டாப். மாலையில் எடுத்த டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (எத்தனை விநாடி வெளிச்சம் வேண்டும் என்று பார்க்கப் போடும் பேப்பர் துண்டை) நம்பி இரவு பிரிண்ட் போட்டால் ஏன் வேறு மாதிரி வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம், எக்ஸ்போஷர் நடுவில் 'டக்'கென்று கேட்டால் அந்தப் பேப்பர் போச்சு. சர்வோ ஸ்டெபிலைசர் நல்லது. இல்லையென்றால் பேப்பரை வீணாக்குவதற்கு பதில் காலை ஐந்து மணிக்கு வேலை வையுங்கள், தண்ணீரும் குளிர்ந்திருக்கும்.

முதல் ஆறு மாதம் ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சுள்ளது, சீக்கிரம் அலசலாம்) மட்டும். டெவலப்பர் 1 நிமிடம், ஸ்டாப் 10 விநாடி, ரேபிட் பிக்ஸர் 1+4ல் 30 விநாடி, 2 நிமிடம் அலசல். ஃபைபர் பேப்பருக்கு இந்தத் தண்ணீர்க் கட்டுப்பாட்டில் பிக்ஸரைச் சீக்கிரம் வெளியேற்றும் ஹைப்போ கிளியர் இல்லாமல் அலச முடியாது. டெஸ்ட் ஸ்ட்ரிப்பை 5, 10, 15, 20 என்று போடாதீர்கள், 5க்கும் 10க்கும் ஒரு முழு ஸ்டாப், 15க்கும் 20க்கும் அரை ஸ்டாப்கூட இல்லை. 5, 7, 10, 14, 20 என்று போனால் ஒவ்வொன்றும் அரை ஸ்டாப்.

சிவப்புச் சாயம் பூசிய ஜீரோவாட் பல்பு சேஃப்லைட் (பேப்பரைக் கெடுக்காத டார்க்ரூம் விளக்கு) அல்ல. சோதித்துப் பாருங்கள்: பேப்பரை என்லார்ஜரில் லேசான சாம்பல் வருமளவு காட்டிவிட்டு, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து 5 நிமிடம் சேஃப்லைட்டில் விட்டு டெவலப் செய்யுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை, அல்லது பக்கத்தில் இருக்கிறது. வெற்றுப் பேப்பரில் செய்தால் கசிவு தெரியாமல் போகலாம்.

பள்ளத்தூர்_பாக்ஸ்கேமரா

24ல் முதல் ரோல் முடிந்தது, கிரெய்ன் அழகு. ஆனால் ஓரமாக இரண்டு மூன்று ஃப்ரேமில் பால் பூத்த மாதிரி ஒரு மங்கல், பற்சக்கரத் துளைகளுக்கு மேலே கருப்புக் கோடுகள். பிக்ஸர் போன மாதம் கலக்கியது.

ஹைப்போ_அண்ணே

பால் மாதிரி மங்கல் பிக்ஸர் போதாமல் வந்தது, பயப்படாதீங்க. புதிதாகக் கலக்கிய பிக்ஸரில் பகல் வெளிச்சத்திலேயே 5 நிமிடம் போட்டு மறுபடி அலசுங்கள், போய்விடும். இனி ஒவ்வொரு தடவையும் பிலிம் தலைப்பில் ஒரு துண்டு வெட்டி பிக்ஸரில் போட்டுத் தெளிய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அதற்கு இரட்டிப்பு நேரம் பிக்ஸ் செய்யணும். தெளியும் நேரமே புதுசு கலக்கியபோது இருந்ததைவிட இரட்டிப்பானால் கொட்டிவிடலாம், ஆனால் கிணற்றடியிலோ ஊருணிப் பக்கமோ அல்ல, அதில் வெள்ளி இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் வாளியில் சாதா இரும்பு நார் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்ல) போட்டு வைத்தால் சில நாளில் வெள்ளி அடியில் கருப்புச் சேறாகத் தங்கும்.

துளைக்கோடு வேறு. டேங்கை அதிகம் குலுக்கினால் டெவலப்பர் துளை வழியாகப் பாய்ந்து அந்த இடத்தை மட்டும் கருக்கும். முதல் 10 விநாடியில் 4 தரம், பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை 10 விநாடிக்குள் 4 தரம், மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் டேங்கின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள், குமிழி போகட்டும். இந்த ரோலில் விழுந்த கோடு போகாது. பிரிண்டில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.