ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு நிம்மதியாக ரயில் ஏற முடிகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

எட்டு நாற்பது லோக்கல்:

இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஸ்டாண்டில் விட்டுவந்த சைக்கிள் போன மாதம் காணாமல் போய்விட்டது. அந்த ஆற்றாமையில்தான் இதைத் தொடங்குகிறேன்.

சென்னைப் புறநகர். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ நிரம்பாமல் கிளம்பாது, பஸ் வந்தால் வந்தது. சைக்கிளில் பதினெட்டு நிமிடம். அங்கிருந்து பீச் லோக்கல் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ஆபீஸ் நடக்கிற தூரம்.

முன்பு ஸ்டாண்டில் ஒரு பெரியவர் இருந்தார். டோக்கனே கேட்க மாட்டார். என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், பாதியில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். கூட வேலை பார்க்கிற தோழி என் டோக்கனோடு போய் வண்டியைக் கேட்டிருக்கிறாள். "அந்தப் பொண்ணே வரட்டும்" என்று அனுப்பிவிட்டார். டோக்கனைக் காட்டியும் தரவில்லையே என்று அன்றைக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

ஜனவரியில் குத்தகை கைமாறியது. பெரியவர் போய், கையில் மெஷினோடு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு முகம் வேறு. பைக்குக்குக் காசு அதிகம் இல்லையா, அதனால் கூரைக்குக் கீழே பைக்குகள். சைக்கிள்களெல்லாம் காம்பவுண்டுச் சுவரோரம், வெட்டவெளியில். அந்தச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு. ஒதுங்கப் போகிறவர்கள் போட்ட வழி.

அன்றைக்கு இரவு 8.40-க்கு இறங்கிப் போய்ப் பார்த்தால் வண்டி இல்லை. பக்கத்து வண்டிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பையன் என் டோக்கனை வாங்கி லைட்டில் காட்டிப் பார்த்தான். "நம்பர் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றான். பிறகு தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினான். 'வாகனங்கள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.' அப்புறம் மாசம் 150 ரூபாய் எதுக்குப்பா வாங்குறீங்க என்று கேட்டேன்.

"நிறுத்துறதுக்கு."

காவல் நிலையத்தில் பில் கேட்டார்கள். பழைய வண்டியாக 4,200-க்கு வாங்கியது, பில் ஏது? ஃபிரேம் நம்பர் கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி.

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் எங்கே விடுகிறீர்கள், எப்படிப் பூட்டுகிறீர்கள், தொலைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் சொல்லுங்கள்.

ஹெர்குலிஸ் தாத்தா:

எங்கள் காலத்தில் சைக்கிளுக்கு நகராட்சி லைசென்ஸ் உண்டம்மா. வருஷா வருஷம் பணம் கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். வில்லை இல்லையென்றால் பிடிப்பார்கள், விளக்கு இல்லையென்றால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். திருடனை மட்டும்தான் பிடிக்க மாட்டார்கள்.

அப்போது முழு வண்டி போவது அபூர்வம். உதிரிதான் போகும். பெல் மூடி, டைனமோ, சீட் கவர், சில சமயம் வால்டியூபைக்கூட உருவிக்கொண்டு போய்விடுவான்.

திருச்சியில் ஒருமுறை ஆட்டம் விட்டதும் தியேட்டர் ஸ்டாண்டில் முண்டியடித்து வண்டியை எடுத்து வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், என் வண்டி இல்லை அது. அதே கறுப்பு, அதே உயரம். என் சாவி அந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தியிருக்கிறது! விடிந்ததும் ஓட்டிக்கொண்டு போனால், ஸ்டாண்டு வாசலில் என் வண்டியோடு ஒருவர் நிற்கிறார். அவர் சாவியும் என் பூட்டைத் திறந்ததாம். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வண்டியை மாற்றிக்கொண்டோம். அன்றிலிருந்து பின்சக்கரப் பூட்டை நான் பூட்டாகவே மதிப்பதில்லை. அது வண்டியை உருளாமல் நிறுத்தும். இரண்டு பேர் தூக்கிக் குட்டியானையில் போட்டால் என்ன செய்யும்? சங்கிலியோ யூ லாக்கோ வாங்கி, ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து, நகராத கம்பியோடு கட்டு.

ஃபிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். வண்டியைக் கவிழ்த்துப்போட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். படம் எடுத்து வைத்துக்கொள். அடுத்த வண்டிக்காவது.

கொக்குவில் காற்று:

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோ. எங்கட ஊரிலை சைக்கிள் விடுற இடத்திலை 'துவிச்சக்கர வண்டிப் பாதுகாப்பு நிலையம்' எண்டு பலகை போட்டிருப்பினம். நிறுத்துற இடம் எண்டில்லை, பாதுகாப்பு நிலையம். அந்தப் பெடியன் 'நிறுத்துறதுக்கு' எண்டு சொன்னதை வாசிச்ச உடனை எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. விறகு, நெல்லு மூட்டை, ஆசுபத்திரிக்குப் போற வருத்தக்காரர் எல்லாம் சைக்கிளிலைதான். டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அந்த நேரத்திலை ஒரு வீட்டிலை சைக்கிள் களவு போனா, செத்தவீட்டுக்குப் போற மாதிரி அயலட்டைச் சனம் வந்து கேட்டுட்டுப் போகும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுத்தி இருக்கிற வீட்டுக்காரர் கேற்றைத் திறந்து வளவுக்குள்ளை சைக்கிள் விட விடுவினம். நாங்கள் வழமையா விடுற வீட்டு அம்மா ஒரு மட்டையை ரண்டாக் கிழிப்பா. ஒரு பாதி ஹாண்டிலிலை, மற்றப் பாதி எங்கட கையிலை. திரும்பி வரேக்கை ரண்டு கிழிசலும் பொருந்தினாத்தான் சைக்கிள். நம்பரை ஆரும் எழுதலாம், கிழிசலை எழுதேலாது எண்டுவா.

இங்கை வந்து வாங்கின முதல் சைக்கிளைத் தெருவோர வளையத் தூணிலை பூட்டினனான். எண்பதுகளிலை இருந்து டொரோண்டோ நகரம் நட்டு வைச்ச தூண்கள், சுத்திவர ஒரு உலோக வளையம் இருக்கும். 2006-இலை ஊர் முழுக்க ஒரு கதை பரவினது: வளையத்துக்குள்ளை ஒரு மரச்சட்டத்தைக் குடுத்து நெம்பினா வளையம் உடைஞ்சு போகுமாம். நல்ல பூட்டு வாங்கிறதுக்கு எவ்வளவு சிலவழிச்சனான்! பூட்டு அப்பிடியே கிடக்க, அதைப் பூட்டின வளையம்தான் முறியுது.

என்ரை போனது அதுக்கு அடுத்த வருசம். 2008-இலை பொலிஸ் ஒரு பழைய சைக்கிள் கடைக்காரரைப் பிடிச்சு, அவர் வாடகைக்கு எடுத்திருந்த கராஜுகளைத் திறந்தா, கிட்டத்தட்ட 3,000 சைக்கிள். பறிகுடுத்த சனம் போய்த் தேடலாம் எண்டு அறிவிச்சினம். நானும் போனன். பொலிஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" எனக்குத் தெரிஞ்சது கறுப்பு எண்டது மட்டும்தான். அங்கை கறுப்பே ஆயிரம் கிடந்திருக்கும். தாத்தா சொல்லுறதைக் கேளுங்கோ.

இரட்டை மாடி:

நெதர்லாந்து, உத்ரெக்ட். கிழிசல் மட்டை அருமை. ஆனால் நான் எதிர்ப்பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

இங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய சதுக்கத்துக்குக் கீழே மூன்று தளத்தில் 12,500 சைக்கிள் நிற்கிறது. 2017-இல் ஒரு பகுதியைத் திறந்து, 2019 ஆகஸ்டில் முழுவதும் முடித்தார்கள். வண்டியை விட்டு இறங்காமலே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று விளக்குப் பலகை சொல்லும். வரிசைகள் இரண்டடுக்கு. மேலடுக்கில் தட்டை வெளியே இழுத்து, வண்டியை ஏற்றி, உள்ளே தள்ள வேண்டும். (என் மாமியார் வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "பரண்ல பாத்திரம் அடுக்குற மாதிரி இருக்கு" என்றார்.) ரயில் பயண அட்டையிலேயே பதிவு. முதல் 24 மணி நேரம் இலவசம். ஊழியர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் என் முகம் தெரியாது. மூன்று வருடத்தில் உள்ளே ஒரு பெல்கூடப் போனதில்லை.

ஒரே ஒருமுறை தொலைத்தேன். முதல் வாரம், எந்தத் தளம் எந்த வரிசை என்று மறந்து ஐம்பது நிமிடம் சுற்றினேன். குற்றவாளி நான்தான். இப்போது விட்டதும் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

அதே ஊரில் தெருவில் விட்டால் கதை வேறு. பின்சக்கரப் பூட்டிலேயே செருகுகிற சங்கிலி விற்கிறார்கள், அதைப் போட்டுக் கம்பியோடு கட்டாவிட்டால் காலையில் வண்டி இருக்காது. நானும் ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன். ஆக மக்கள் யோக்கியர்கள் என்பதால் நிலையத்தில் திருட்டு இல்லை என்று நினைக்காதீர்கள்.

சொல்ல வந்தது இதுதான், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெரியவர் நல்லவர். ஆனால் அவர் ஒருவரை நம்பி நின்ற பாதுகாப்பு அவரோடேயே போய்விட்டதே?

எட்டு நாற்பது லோக்கல்:

சுருக்கென்று இருந்தது. உண்மையும்கூட. இன்னும் ஒன்று சொல்கிறேன், சிரிப்பீர்கள்.

இப்போது தம்பியின் பழைய சைக்கிளை ஸ்டேஷன் எதிரே பஞ்சர் கடை அண்ணனிடம் விடுகிறேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "மாசம் ஒருதடவை செயினுக்கு ஆயில் போட்டுக்கோம்மா, நம்ம கடையில" என்றார். ரிப்பேருக்கு வந்த வண்டிகளோடு சேர்த்து ஒரே சங்கிலியில் கோத்து வைக்கிறார். பிரமாதமான பாதுகாப்பு. ஆனால் எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிடுவார். 8.40-க்கு நான் வந்தால் ஷட்டருக்கு உள்ளே சைக்கிள், வெளியே நான். வாரத்தில் இரண்டு நாளாவது ஷேர் ஆட்டோதான். எனக்கும் திருடனுக்கும் ஒரே சட்டம்!

கறுப்புக் கோட்டு:

தொழிலில் இருப்பதால் இரண்டு விஷயம்.

முதலாவது, காவல் நிலையம் ஏன் சி.எஸ்.ஆரோடு நின்றது என்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருட்டைப் போலீசார் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது. 4,200 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பழைய சைக்கிள் எல்லாமே ஏறக்குறைய இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். அந்த வண்டி இல்லாமல் ஒருவர் வேலைக்குப் போக முடியாது என்பது சட்டத்தின் கணக்கில் வராது.

இரண்டாவது, அந்தப் பலகை. 1998-இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவரின் கார் திருடு போனது. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு. பொருளைப் பொறுப்பில் வாங்கிக்கொண்டவர், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதை முதலில் காட்ட வேண்டும், சீட்டில் உள்ள வாசகத்தைக் காட்டி மட்டும் தப்ப முடியாது என்பது அதன் சாரம்.

உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. சாவி உங்கள் கையில்தானே இருந்தது? வெறும் இட வாடகைதான் வாங்கினோம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடுவதில்லை, அதனால் இது ஒப்படைப்பு என்று நாம் வாதிடலாம். அந்தச் சுவர் உடைப்பு கவனக்குறைவுக்கு நல்ல சாட்சி. ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீலும் கட்டாயமில்லை (இதை நானே சொல்கிறேன் பாருங்கள்).

டோக்கன் கையில் இருக்கிறதா, அவர்களிடம் கொடுத்துவிட்டீர்களா?

எட்டு நாற்பது லோக்கல்:

இருக்கிறது சார். அன்றைக்கு அந்தப் பையன் டோக்கனை வைத்துக்கொள்ளப் பார்த்தான். வண்டியைக் கொடு, டோக்கனை எடுத்துக்கோ என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம்பர் 114. சுடிதாரோடு துவைத்ததில் கொஞ்சம் அழிந்திருக்கிறது, படிக்க முடிகிறது. மாதாந்திர அட்டையும் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று காலையே ரயிலுக்கு முன்னால் போய்ப் பலகையையும் சுவர் உடைப்பையும் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துவிட்டேன். மெஷினைக் கையில் பிடித்தபடி பையன் எட்டிப் பார்த்தான்.

"ரீல்ஸா மேடம்?"