கார் கேரியரில் முதல் வேலை: சேலத்திலிருந்து எங்கே தொடங்குவது?

ஓமலூரான்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. கனரக வாகன உரிமம் பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் பிக்கப் வண்டியில் தக்காளியும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றினேன். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவு பகல் பாராமல் ஓட்டியிருக்கிறேன். இப்போது பத்துச் சக்கர லாரியில் ஜவ்வரிசி மூட்டைகளுடன் மகாராஷ்டிரம் வரை, மூத்த ஓட்டுநர் ஒருவருக்குத் துணையாகச் சென்று வருகிறேன்.

புதுக் கார்களை அடுக்கி ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர் வண்டியான கார் கேரியரை ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம். இதுவரை இரண்டு அலுவலகங்களில் கேட்டேன்; இரண்டிலும் மூன்று ஆண்டு டிரெய்லர் அனுபவம் வேண்டும் என்றார்கள். யாரும் வேலை கொடுக்காமல் அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? இதற்கிடையில் சீலநாயக்கன்பட்டியில் ஒருவர், நாற்பதாயிரம் கொடுத்தால் நேரடியாகக் கேரியரில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

சங்ககிரி டிரெய்லர்:

தம்பி, முதலில் அந்த நாற்பதாயிரத்தை மறந்துவிடுங்கள். ஓட்டுநர் கிடைக்காமல் வண்டிகள் ஷெட்டில் நிற்கிற காலத்தில், வேலைக்குப் பணம் கேட்பவர் வேலை தருபவராக இருக்க முடியாது. நான் பதினோரு ஆண்டுகள் கேரியர் ஓட்டியவன். ஒருவருக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

அனுபவம் கேட்பதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் வழி தெரிந்துவிடும். நீங்கள் இப்போது ஏற்றும் ஜவ்வரிசி பதினைந்து டன்னுக்கு மேல் இருக்கும். எட்டு சிறிய கார்களைச் சேர்த்து எடை போட்டால் எட்டு ஒன்பது டன்தான் வரும். ஆகவே இழுப்பதில் சிரமம் இல்லை. சிரமமெல்லாம் நீளத்திலும் உயரத்திலும் இருக்கிறது. மூட்டை கிழிந்தால் தைத்துவிடலாம், ஆனால் புதுக் காரின் கதவில் நகக்கீறல் அளவுக்குக் கோடு விழுந்தாலும் டீலர் கையெழுத்துப் போட மாட்டார், அந்தக் கணக்கு சுற்றிச் சுற்றி ஓட்டுநரின் சம்பளத்தில்தான் வந்து நிற்கும். முதலாளி பயப்படுவது இதற்குத்தான்.

என் முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூடிய கேரியரின் கீழ்த் தளத்தில் காரை ஏற்றி நிறுத்திய பிறகு, கதவை ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்க முடியாது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவி இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது என் இடுப்பு பெல்ட்டின் கொக்கி கதவு விளிம்பில் உரசிவிட்டது. வெள்ளை நிறக் கார். கோடு கண்ணுக்கே தெரியவில்லை. இறக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தவருக்குத் தெரிந்தது. மூன்று டிரிப் பேட்டா போயிற்று. அன்று முதல் பெல்ட், மோதிரம், கைக்கடிகாரம் எதுவும், கார்களை ஏற்றி இறக்கும் யார்டுக்குள் என் உடம்பில் இருப்பதில்லை.

வேலையைச் சேலத்து அலுவலகங்களில் தேடாதீர்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ என்று கார் பிறக்கிற இடத்துக்கே போங்கள். சுற்றுப்புறத்தில் கேரியர்கள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். வடக்கே செல்லும் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். இரண்டாம் ஆள் ஊருக்குப் போய்த் திரும்பி வராத வண்டி எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும், அதைத்தான் நீங்கள் தேட வேண்டும். ஒன்று மட்டும்: பல வண்டிகளில் நாகாலாந்துப் பதிவெண் இருக்கும், முதலாளியோ ஹரியானாவில் இருப்பார். இந்தி பேச வராவிட்டால் வழியிலும் யார்டிலும் திண்டாடுவீர்கள். மகாராஷ்டிரம் போய் வருகிறீர்கள் என்பதால் ஓரளவு பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டு அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கியர் பிடிக்கும் பக்குவம் அங்கே வந்துவிடும். ஆனால் டிரெய்லரின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் ஒடிக்க வேண்டும். காலி டிரெய்லரில் பழகாமல் இது கைக்கு வராது.

புக்கிங் கிளார்க்:

மேலே அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எடுத்தவுடன் வடநாட்டு வண்டியில் இரண்டாம் ஆளாக ஏறுவது எல்லோருக்கும் ஒத்துவராது. முதல் டிரிப்பிலேயே முன்பின் தெரியாத ஒருவருடன் இருபது நாள், அதுவும் பேட்டா எவ்வளவு என்று எழுத்தில் இல்லாமல் போய், பாதி வழியில் இறங்கி ரயிலேறி வந்த பையன்களை எனக்குத் தெரியும்.

சேலத்துக்காரருக்குப் பக்கத்திலேயே ஓசூர் இருக்கிறது. டிவிஎஸ் ஆலையிலிருந்து இரு சக்கர வாகனங்களை ஏற்றிச் செல்லும் மூடிய கண்டெய்னர் வண்டிகளில் முதலில் சேருங்கள். கட்டும் முறை, கீறல் பார்க்கும் பழக்கம், டீலரிடம் கையெழுத்து வாங்கும் பொறுமை மூன்றும் அங்கேயே பழகிவிடும், சேதம் ஏற்பட்டாலும் தொகை தாங்கக்கூடியதாக இருக்கும். அங்கே ஓராண்டு ஒழுங்காக ஓட்டியவர் வந்து கேட்டால், மூன்றாண்டு டிரெய்லர் அனுபவம் எங்கே என்று எங்கள் அலுவலகத்தில் வற்புறுத்துவதில்லை.

காகித விஷயத்தில் சில சொல்லியாக வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் சுற்றி வந்து பாருங்கள். பம்பர் மூலை, கதவு விளிம்பு, வீல் கப், கண்ணாடி. ஏற்கெனவே கீறல் இருந்தால் எல்.ஆர். எனும் லாரி சரக்கு ரசீதில் எழுதச் சொல்லி, யார்டு ஆளின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, செல்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் கேட்டைத் தாண்டிவிட்டால் அந்தக் கீறல் உங்களுடையது. வாயால் சொன்னதற்கு எங்கள் தொழிலில் மதிப்பில்லை.

சரக்குடன் வண்டி செல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் கெடுவையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. சென்னைப் பக்கமிருந்து குருகிராம் வரை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் என்றால் பதினோரு நாள். வழியில் வண்டி பழுதாகி நின்றால், கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போதான் நீட்டிக்க முடியும். அதனால் பழுதான உடனே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள், விடிந்தபின் சொல்லலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: சேதம் ஏற்பட்டால் காப்பீடு எவ்வளவு ஏற்கும், என்னிடம் எவ்வளவு பிடிப்பீர்கள்? மழுப்புகிற இடத்தில் சேராதீர்கள்.

ஓமலூரான்:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. நாற்பதாயிரம் கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓசூரில் தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. வாரம் ஒருமுறை வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சந்தேகம். ஓசூரிலிருந்து வரும்போது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் மலைச்சாலை இறக்கம் குறுக்கிடுமே. இரு சக்கர வாகனங்கள் எடை குறைவு என்பதால் அங்கே அவ்வளவு பயப்பட வேண்டாம் என்று எங்கள் லாரியின் மூத்த ஓட்டுநர் சொல்கிறார். சரிதானா?

சங்ககிரி டிரெய்லர்:

கிளார்க் தம்பி சொன்ன ஓசூர் யோசனை என்னுடையதைவிட நல்லது. எங்கள் காலத்தில் அது தோன்றவில்லை.

உங்கள் மூத்த ஓட்டுநர் சொன்னது பாதி சரி. எடை குறைந்தால் பிரேக் சூடாவது குறையும். ஆனால் அந்த நம்பிக்கையில்தான் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். கண்டெய்னரின் உயரத்துக்கும் நீளத்துக்கும் அந்த வேகத்தில் வளைவு ஒன்று வந்தால், எடை குறைவாக இருப்பது உங்களுக்கு உதவாது. தருமபுரிப் பக்கமிருந்து வரும்போது இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வண்டியை ஓரங்கட்டுங்கள். இறங்கிப் பின்கதவைத் திறந்து, கட்டிய வார்களை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பாருங்கள். ஓசூரில் இறுக்கியதில் இரண்டு வார்களாவது அதுவரை வந்த குலுங்கலில் தளர்ந்திருக்கும். பிறகு கீழ்க் கியரைப் போட்டு, இன்ஜின் புகையைத் தடுத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பிடித்து, பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் இடது ஓரமாகவே இறங்குங்கள். கியரை நடுவில் மாற்ற வேண்டாம்.

ஓசூருக்கு எப்போது போகிறீர்கள்? திங்கட்கிழமை காலையில் யார்டு கேட்டில் கூட்டம் அதிகம், பேச ஆள் கிடைக்காது. புதன் வியாழனில் போங்கள், உரிமத்தின் அசலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.